குளிருதுன்னு சொன்னவர்

ஹாங்ஜோ
இரண்டாம் மாதம், ஆறாம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை பெய்லான் தலை தாழ்த்தி எழுதுவது. நீயும் அத்தானும் சுகந்தானே? யாங்ஜோவில் குளிர் விட்டதா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அப்பாவுக்குக் கோபம் குறையவில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

லுவோ வீட்டு மகன் போன குளிர்காலத்தில் இறந்துபோனதை நீதானே முதலில் எழுதினாய். நிச்சயமாகி இரண்டு வருஷம். ஒரு தடவைகூட நான் முகம் பார்க்காதவர். மூன்று மாதம் வெள்ளை உடுத்திவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சரி என்றுதான் இருந்தேன். பொய் சொல்வானேன், எனக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை. வெங்காயத்தாள் நறுக்குகிற நேரம் பார்த்து அழுது வைத்தேன்.

போன மாதம் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. உள்ளே அவருடைய அங்கி. பஞ்சு வைத்த, சாதாரண நீலப் பருத்தி அங்கி. உப்பு வியாபாரி மகனுக்கு எவ்வளவு எளிமையான மனசு பார்! கூடவே ஒரு கடிதம்: நான் பூஜை மாடத்தில் வைத்திருக்கும் அவருடைய பெயர்ப் பலகையை மணந்து, அந்த வீட்டு மருமகளாக ஆயுசு முழுக்க இருப்பேனா என்று கேட்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் அங்கியைத் தலைக்கு வைத்துக் கண்ணயர்ந்தேன். அவர் வந்தார், அக்கா. தண்ணீர் ஓரம் ஒரு கல்படியில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, "குளிருதுங்க" என்றார். அவ்வளவுதான். பதினைந்து நாளாக மத்தியானம் தவறாமல் வருகிறார்.

செத்தவர் குளிரில் நடுங்கும்போது நான் எப்படி வேறு வீட்டுக்குப் போவது? லுவோ வீட்டுக்கே போகப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ அவரைப் பார்த்திருக்கிறாய். முகம் எப்படி இருக்கும், எழுது. சீக்கிரம் எழுது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன் தங்கை
பெய்லான்

*

யாங்ஜோ
இரண்டாம் மாதம், இருபத்தேழாம் நாள்

பெய்லானுக்கு,

அக்கா சூயுன் எழுதுவது. அம்மாவின் முழங்காலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன், சூடு காட்டிப் பூசு. நாங்கள் நலம். உன் நலம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. புத்தி கெட்டுவிட்டதா உனக்கு?

லுவோ ஜிங்மிங்கை நான் மூன்று முறை பார்த்தேன். உருண்டை முகம். விரலுக்கு இரண்டு மோதிரம். எந்நேரமும் பூசணி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருப்பான். கெட்டவன் இல்லை, ஆனால் கல்படியில் உட்காருகிற ஜாதியும் இல்லை. அவனுக்கு முன்னால் ஓர் ஆள் மெத்தை தூக்கிக்கொண்டு போவான்.

பலகைக் கல்யாணம் என்றால் என்னவென்று தெரியுமா? மாப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நிறுத்துவார்கள். போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒன்று நடந்தது. பாதிச் சடங்கில் சேவல் கூவ, எல்லோரும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றோம். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. அதற்குப் பிறகு அவளை யாரும் வெளியே பார்க்கவில்லை.

இந்தச் சம்பந்தத்தை முதலில் அப்பாவிடம் சொன்னது நான். உன் அத்தான் அவர்கள் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர், அதனால் நல்ல இடம் என்று நானே வாய் விட்டேன். அது என் தலையில் கல்லாக இருக்கிறது. இன்னொரு கல்லை ஏற்றாதே.

கனவில் வருகிறவன் எப்படி இருக்கிறான்? அந்த அங்கி எப்படித் தைத்திருக்கிறது? விவரமாக எழுது.

சூயுன்

*

ஹாங்ஜோ
மூன்றாம் மாதம், இருபதாம் நாள்

அக்காவுக்கு வணக்கம். களிம்பு வந்தது. அம்மா இரண்டு தடவை பூசிவிட்டு மணம் பிடிக்கவில்லை என்று பூனைக்குத் தடவப் பார்த்தாள். உன் உடம்பு எப்படி?

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு யோசித்தேன். செத்தவர்கள் இளைத்துப்போக மாட்டார்களா? மோதிரத்தோடா புதைப்பார்கள்?

அவர் ஒல்லி. கழுத்தெலும்பு தெரியும். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பார். தலைமுடியிலும் மடியிலும் சுருள் சுருளாக மரச் சீவல் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து நான் எப்படி அழுதேன் தெரியுமா? சவப்பெட்டிச் சீவல்தானே அது! பெட்டிக்குள் சரியாகத் துடைக்காமல் படுக்க வைத்துவிட்டார்கள்.

முந்தாநாள் நானே பேசினேன். "எந்நேரமும் குளிருது குளிருதுன்னா நான் என்ன பண்றது? அடுப்பையா தூக்கிட்டு வர முடியும்?" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க தூங்குங்க, எனக்குப் பழகிப்போச்சு" என்றார். விழித்த பிறகு அந்தக் குரல் சாயங்காலம்வரை காதில் இருந்தது. ஊசி கோக்க முடியவில்லை. முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா, "ஏண்டி, கால்ல சக்கரமா?" என்று கேட்டாள்.

அங்கியின் உள்துணி இடது பக்கம் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருக்கிறது. குழந்தை தைத்த மாதிரிக் கோணல் தையல். அந்தத் தையலை விரலால் தடவினால்தான் தூக்கம் வருகிறது.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அக்கா. சொல்லிவிட்டேன். அப்பாவும் சம்மதித்துவிட்டார். லுவோ வீட்டார் என் பெயரில் அரசாங்கத்துக்கு எழுதி, கற்புள்ள பெண்களுக்குத் தெருவில் நிறுத்துகிற கல்வளைவு வாங்கப் போகிறார்களாம். அதில் நம் குடும்பப் பெயரும் இருக்குமாம். எட்டாம் மாதம் இருபதாம் நாள் பல்லக்கு ஏறுகிறேன்.

பெய்லான்

*

யாங்ஜோ
நாலாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

பெய்லானுக்கு,

எல்லோரும் நலமா? இங்கே ஓயாத மழை. துணி காயவில்லை. உன் அத்தானுக்கு இருமல்.

அந்த அங்கியை மடித்துப் பெட்டியில் வை. தலைக்கு வைத்துப் படுக்காதே. பஞ்சில் பூச்சி இருக்கும்.

சூயுன்

*

ஹாங்ஜோ
ஐந்தாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

அக்காவுக்கு வணக்கம். அத்தானுக்கு இருமல் நின்றதா? பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துக் கொடு.

படகுத் திருவிழா முடிந்தது. இலையில் கட்டிய சோற்றுருண்டை நாற்பது செய்தோம், எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. ஒரு மாதம் காக்கவைத்து நாலு வரி எழுதுகிறாயே, இதுதான் நீ எழுதுகிற லட்சணமா? ஒவ்வொரு தபால் படகுக்கும் வேலைக்காரியைத் துறைக்கு ஓட வைத்தேன். முகம், தையல், எல்லாம் கேட்டாய், சொன்னேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூச்சியாம்!

பெட்டியில் வைத்துப் பார்த்தேன். அன்று கண்ணை மூடினால் வெறும் கல்படி. அவர் இல்லை. எழுந்து பெட்டியைத் திறந்து, அங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ என்னைத் திட்டு, பரவாயில்லை. மறைக்காதே. நீ மறைக்கும்போது சுருக்கமாக எழுதுவாய், சின்ன வயசிலிருந்தே.

மாமியாருக்கும் நாத்தனார்களுக்கும் நான் செருப்புத் தைத்துக்கொண்டு போக வேண்டும். அளவுத் தாள் வெட்டி அனுப்பு.

பெய்லான்

*

யாங்ஜோ
ஆறாம் மாதம், மூன்றாம் நாள்

அன்பிற்குரிய தங்கை பெய்லானுக்கு,

இரு குடும்பத்தாரும் நீடூழி வாழ்க. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தோம். லுவோ இல்லத்துப் பெரியம்மாள் தங்கள் மன உறுதியைக் கேட்டுக் கண்ணீர் மல்கினார்கள். தங்களால் இரு குலங்களுக்கும் பெருமை. அத்தான் தம் ஆசிகளைத் தெரிவிக்கச் சொல்கிறார், அருகிலேயே அமர்ந்திருக்கிறார்.

கேட்டபடி செருப்பு அளவுத் தாள்கள் மூன்று இத்துடன் வருகின்றன. காகிதம் மெல்லியது. வெட்டுமுன் இரு புறமும் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அக்கா
சூயுன்

*

[செருப்பு அளவுத் தாளின் பின்புறம்]

பெய்லா, அந்த மேல் கடிதத்தை நம்பாதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இதை அவர் வெளியே போன நேரத்தில் எழுதுகிறேன்.

நீ தையலைப் பற்றி எழுதியதும் எனக்குச் சுரீர் என்றது. லுவோ வீட்டில் இரண்டு தையல்காரிகள் இருக்கிறார்கள். எஜமான் மகன் அங்கியில் கோணல் தையலா? அவர்களில் ஒருத்தியை விசாரித்தேன். "சின்ன எஜமானோட துணியெல்லாம் நாப்பத்தொம்பதாம் நாளே எரிச்சாச்சே அம்மா. மேலுலகத்துல உடுத்த வேணாமா?" என்றாள். ஒரு நூல்கூட மிச்சம் இல்லை.

ஒன்றையாவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்து, பெரியம்மாள், "என் பிள்ளை அங்கி ஒண்ணை ஹாங்ஜோவுக்கு அனுப்பு" என்று உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். எல்லாம் எரிந்துபோயிற்று என்று சொல்ல இவருக்குத் தைரியம் இல்லை. அடகுக் கடைக்குப் போய் ஒரு பழைய அங்கியை வாங்கி, மூட்டை கட்டி, சிவப்புக் காகிதம் ஒட்டி அனுப்பிவிட்டார். நாலாம் மாதமே எனக்குத் தெரியும். இவர் வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அடி, நான் பூச்சி என்று எழுதியபோது என் கையே எனக்கு அசிங்கமாக இருந்தது.

இன்னும் இருக்கிறது. போன வாரம் எங்கள் வீட்டு வாசலுக்கு ஓர் ஆள் வந்தான். நான் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஐயா, இந்தாங்க அடகுச் சீட்டு. கெடு தீர இன்னும் நாப்பது நாள் இருக்கு. அதுக்குள்ள என் அங்கியை உங்களுக்கு வித்துட்டதா கடைக்காரன் சொல்றான்."

"பழந்துணிக்கு இவ்வளவு வழக்காய்யா? புதுசு வாங்கித் தர்றேன், போ" என்றார் அத்தான்.

"புதுசு வேணாம். அது இப்ப யாருகிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எதுக்கு?"

"கேட்டா சிரிப்பீங்க. மத்தியானம் வேலைப் பலகை மேலயே கண்ணசந்துடுவேன். ஒரு பொண்ணு என் அங்கி மேல தலை வெச்சுத் தூங்குது. இடது புருவத்துல வெட்டுத் தழும்பு. குளிருதுன்னு சொல்வேன், அங்கியைக் கொடுன்னு கேட்க வாய் வராது. அதுவும் ஒரு நாள் அடுப்பைத் தூக்கிட்டு வரவான்னு கேட்டுச்சு."

அத்தான் அவனைப் பைத்தியம் என்று விரட்டினார். உன் புருவத்தில் அந்தத் தழும்பைப் போட்டவள் நான்தானே, சின்ன வயசில் ஓட்டுச் சில்லை எறிந்து.

அவன் பெயர் பாங் ஹெங். அச்சுக்கு மரப்பலகையில் எழுத்துச் செதுக்குகிறவன். தோளெல்லாம் சீவல். அது சவப்பெட்டிச் சீவல் இல்லை, பெண்ணே. அவன் உயிரோடு இருக்கிறான்.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

*

ஹாங்ஜோ
ஆறாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலம் என்று எழுதுவதுதானே முறை? எழுதிவிட்டேன். இந்தத் தாளைப் புதுச் செருப்பின் அடிப்பாகத்தில் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். செருப்பு உனக்குப் பத்தாது, அது தெரிந்துதான் பிரிப்பாய்.

இரண்டு மாதம்! இரண்டு மாதம் தெரிந்துகொண்டே மழை பெய்கிறது என்று எழுதினாய். உன்மேல் எவ்வளவு கோபம் என்று எழுத இந்தத் தாள் போதாது, அதனால் விடுகிறேன்.

படித்த அன்றைக்கே கனவு நின்றுவிட்டது. படுக்கிறேன், தூக்கம் வருவதில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை, நின்றால் உட்கார முடியவில்லை. வேடிக்கை பார், அக்கா. அவர் செத்தவர் என்று நினைத்தபோது ஊரே என்னைப் புகழ்ந்தது. "எப்பேர்ப்பட்ட பெண்!" என்று அடுத்த வீட்டுக்காரி தன் மகளைக் கூட்டிவந்து காட்டினாள். உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் அதே வாய் என்ன பேசும்? செத்தவர்மேல் ஆசைப்பட்டால் கல்வளைவு. உயிரோடு இருப்பவர்மேல் ஆசைப்பட்டால் காறித் துப்புவார்கள்.

அப்பாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றேன். "பல்லக்குக்குச் சொல்லியாச்சு. நீதானே கேட்டே? இப்ப என்ன வந்துச்சு?" என்றார். காரணம் சொல்ல என் வாயில் என்ன இருக்கிறது?

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். சேவலோடு நின்று பலகையைக் கட்டிக்கொள்கிறேன். அந்த வீட்டுச் சுவருக்குள் ஐம்பது வருஷம் உட்கார்ந்திருந்தாலும், சுவருக்கு வெளியே அவர் நடக்கிற ஊர் அது. இங்கே இருந்தால் அதுகூட இல்லை. நீ தடுக்காதே.

பெய்லான்

*

யாங்ஜோ
ஏழாம் மாதம், பதினெட்டாம் நாள்

பெய்லானுக்கு,

அம்மா அப்பா நலமாக இருக்க வேண்டுகிறேன், இதைப் படித்த பிறகும். நான் நலம். தலை லேசாக இருக்கிறது.

உன் செருப்பைப் பிரித்துப் படித்தேன். அன்று உலை வைக்கவில்லை. சுவருக்கு வெளியே நடக்கிறானாம், இவள் உள்ளே உட்கார்ந்திருப்பாளாம்! உன்னை அந்த வீட்டுக்குப் பேசிவைத்த வாய் இது. இந்த வாயாலேயே அவிழ்க்க வேண்டும் என்று கிளம்பினேன்.

காலை நேரம். பெரியம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கல்வளைவு விண்ணப்பம் எழுதுகிற அதிகாரியின் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். தனியாக இருக்கும்போது சொன்னால் என்னை அடக்கி, உன்னை வாங்கிக்கொள்வாள். அதனால் அவர்கள் முன்னாலேயே மண்டியிட்டேன்.

"பெரியம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஹாங்ஜோவுக்கு அனுப்பின அங்கி சின்ன எஜமானோடது இல்ல. அடகுக் கடைச் சரக்கு. உயிரோட இருக்கிற வேற ஒருத்தன் உடுத்தினது."

"என்னடி உளர்றே?"

"என் தங்கச்சி ஆறு மாசமா அதைத் தலைக்கு வெச்சுத் தூங்கியிருக்கா. கற்புக்குக் கல்வளைவு கேட்டு எழுதறப்ப இதையும் எழுதணும் இல்லீங்களா? சந்தேகம்னா அந்த ஆள் சீட்டோட இந்த ஊர்லயே இருக்கான், கூப்பிடலாம்."

அதிகாரி மனைவி விசிறியால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது. பெரியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தக் கழுதை என் வாசப்படி மிதிக்கக் கூடாது! உன் புருஷனும்தான்!"

நான் மூன்று முறை தரையில் நெற்றி தொட்டு வணங்கினேன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக யாரையும் வணங்கியதில்லை.

நிச்சயத்துக்குக் கொடுத்த உன் பிறந்த வேளைச் சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அப்பாவுக்கு வரும். கூடவே உன்னைப் பற்றி அசிங்கமாக ஒரு கடிதமும் வரும். உனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துத்தான் உன்னை மீட்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இனி நல்ல குடும்பம் எதுவும் உன்னைக் கேட்டு வராது.

உன் அத்தானுக்கு வேலை போயிற்று. ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. அங்கியை வாங்கினது அவர்தானே என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். சோற்றை வைத்தால் சாப்பிடுகிறார்.

பாங் ஹெங்குக்கு ஆள் விட்டு உங்கள் தெருப் பெயரைச் சொல்லி அனுப்பினேன். அங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டவனுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்கவில்லையாம். உளியைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சூயுன்

*

ஹாங்ஜோ
எட்டாம் மாதம், பதினோராம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் தொட்டு வணங்குகிறேன். அத்தான் பேசினாரா? பட்டுச் சந்தைப் பக்கம் கணக்கெழுத ஆள் தேடுகிறார்கள், இங்கே வந்துவிடுங்கள். அம்மா நடக்கிறாள். அப்பா அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரி தன் மகளை எங்கள் வாசல் பக்கமே விடுவதில்லை.

நேற்று மத்தியானம் அவர் வந்தார்.

அப்பா கதவைப் பாதி திறந்து, "யாரு?" என்றார். "யாங்ஜோவுலேருந்து வர்றேங்க. என் அங்கி இங்க இருக்குதாம்." அப்பாவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. உள்ளே வந்து, அங்கியை எடுத்து, வேலைக்காரியிடம் எறிந்தார். அவள் வாசலில் கொடுத்தாள். கதவு சாத்தியாயிற்று. அவ்வளவுதான், முடிந்தது. நான் தட்டிக்குப் பின்னால் நின்று அவர் செருப்புச் சத்தம் தள்ளிப் போவதைக் கேட்டேன்.

அக்கா, நான் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வெளியே போனேன். பட்டப்பகலில், தலைக்கு ஒன்றும் போடாமல். தோஃபு விற்கிறவன் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றான். மேல்மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"உங்களைத்தான்" என்றேன்.

திரும்பினார். முதலில் என் புருவத்தைத்தான் பார்த்தார். கனவில் கொஞ்சம் உயரமாக இருந்தார், நேரில் அவ்வளவு இல்லை. வெயிலில் நடந்து கறுத்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கப் பார்த்து, அதுவும் வராமல் நின்றார்.

"இப்பெல்லாம் மத்தியானம் தூக்கம் வருதா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்க, இதுதான் வந்தது.

"இல்லீங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"எனக்கும்தான்."

"உள்ள போங்க, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். ஊருக்குத் திரும்பிடுவீங்களா?"

"பாலத்துக்கிட்ட ஒரு அச்சுக்கூடத்துல வேலை கேட்டிருக்கேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க." கொஞ்சம் நின்று, "அங்கிக்காக மட்டும் இவ்வளவு தூரம் யாரும் நடக்க மாட்டாங்க" என்றார். பிறகு காது சிவக்கப் போய்விட்டார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. "உன்னை இனிமே எவன் கட்டுவான்?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அம்மா மெதுவாக, "ஒருத்தன் இருக்கான் போலிருக்கே" என்றாள். அவர் அவளோடும் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பையன் வீட்டார்தான் தரகு அம்மாளை அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். அவருக்கு வீட்டார் என்று யாரும் இல்லையாம். அவராக அனுப்பவும் துணிய மாட்டார், உளியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் பாலத்தடியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நாளைக் காலை தரகு அம்மாள் என் பிறந்த வேளைச் சீட்டை எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போகிறாள். அனுப்புவது நான்.

உன் தங்கை
பெய்லான்